நாலு நாள் மூழ்கிய சம்பா: யூரியா மூட்டையை இப்போதே பிரிக்காதீர்கள்

கேள்வி: ஐயா, திருத்துறைப்பூண்டி பக்கம் 3 ஏக்கரில் பிபிடி 5204 ரக நெல் நட்டு 28 நாள் ஆகிறது. நவம்பர் மழையில் நாலு நாள் நுனிகூடத் தெரியாமல் மூழ்கி, நேற்றுதான் தண்ணீர் வடிந்தது. பயிர் மஞ்சளாகிப் படுத்துக் கிடக்கிறது. பக்கத்து வயல்காரர் உடனே யூரியா போடச் சொல்கிறார். போடலாமா, இல்லை உழுதுவிட்டு வேறு நடலாமா?

பதில்: ரெண்டும் வேண்டாம் தம்பி, நாலைந்து நாள் பொறுங்கள். தண்ணீருக்குள் கிடந்தபோது பயிர் வெளியே தலைநீட்டப் பார்த்து, தூரில் இருந்த மாவுச்சத்தை எல்லாம் செலவழித்திருக்கும், வேரும் பாதி கறுத்திருக்கும். உறிஞ்ச வேர் இல்லாத நேரத்தில் யூரியா போட்டால் அது வடிகாலில்தான் போகும்.

முதலில் வயலில் நாலைந்து இடத்தில் தூரைப் பிடுங்கி, தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே குருத்து வெளுப்பாக, கெட்டியாக இருந்தால் இலை எவ்வளவு பழுத்திருந்தாலும் பயிர் பிழைக்கும். கொழகொழவென்று நாற்றம் அடித்தால் அந்தத் தூர் போச்சு. வேரில் அழுகிய முட்டை வாடை வருகிறதா என்றும் பாருங்கள், வந்தால் தேங்கிய மிச்சத் தண்ணீரையும் வடித்து மண்ணுக்குக் காற்று படவிட வேண்டும்.

புது இலை எட்டிப் பார்த்ததும் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட் இரண்டையும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து கைத்தெளிப்பானில் அடியுங்கள். இதோடு டிஏபி உரத்தைக் கலந்துவிடாதீர்கள், ஜிங்க் திரிந்து வீணாகும். வெள்ளை வேர் விட்ட பிறகுதான் மேலுரம்: ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஓர் இரவு வைத்திருந்து, காலையில் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து வீசுங்கள். செத்த இடங்களுக்கு நாற்று தேடி அலைய வேண்டாம், நன்றாகத் தூர் கட்டிய குத்துகளைப் பிரித்து நட்டாலே பாடுவாசி, அதாவது பயிர் செத்த இடைவெளி, நிறைந்துவிடும்.

பிபிடி என்பதால் இன்னொன்று. வெள்ளம் வடிந்த வயலில் பாக்டீரியா இலைக்கருகல் ஓட்டமாகப் பரவும், அந்த ரகத்துக்கு அதைத் தாங்கும் சக்தி இல்லை. இலை ஓரம் காய ஆரம்பித்தால் 40 கிலோ பசுஞ்சாணத்தை 100 லிட்டரில் கரைத்து, சாக்கில் வடிகட்டி, இன்னும் 100 லிட்டர் ஊற்றித் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் அடியுங்கள். அந்த நேரத்தில் யூரியாவைக் கூட்டினால் நோய்க்குத் தீனி போட்ட மாதிரி.

உழுதுவிட்டு நடுவதற்கு முன் நாள் கணக்கைப் பாருங்கள். கோ 51 மாதிரி 105, 110 நாள் ரகம் போட்டாலும் இப்போது நாற்றுவிட்டால் அறுவடை மார்ச்சில்தான். மேட்டூர் அணையை வழக்கமாக மூடுவது ஜனவரி 28. அப்புறம் போர்வெல் தண்ணீருக்குத்தான் போக வேண்டும், உங்கள் பக்கம் பல இடத்தில் அது உப்புத் தண்ணீர். முக்கால்வாசி செத்தால்தான் இந்த யோசனையே. பாதிக்கு மேல் பிழைத்தால் இதையே தேற்றி, அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது உளுந்து தெளித்து விடுங்கள், அந்தக் காசாவது மிஞ்சும்.

கணக்கெடுக்க ஆள் வருவதற்கு முன் உழுதால் நிவாரணமும் போகும். 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று பதிவாக வேண்டும். அதனால் இன்றைக்கே தேதியோடு போட்டோ எடுத்துக்கொண்டு, அடங்கல் (கிராமச் சாகுபடிக் கணக்கு) நகலோடு விஏஓ, உதவி வேளாண் அலுவலர் இருவரிடமும் சொல்லி வையுங்கள். காப்பீடு கட்டியிருந்தால் அது பெரும்பாலும் ஊர் மகசூலைப் பார்த்து வருவது. கட்டவில்லையென்றால் அடுத்த முறை நவம்பர் 15 கெடுவை நீட்டிப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். சில வருஷம் நீட்டினார்கள்தான், ஆனால் மழை அதற்குள் வந்துவிடும்.

அடுத்த சம்பாவுக்குத் தாழ்ந்த வயலில் சிஆர் 1009 சப்-1 என்ற வெள்ளம் தாங்கும் நெல் ரகத்தைப் போட்டுப் பாருங்கள். தண்ணீருக்குள் நீளாமல் அடங்கிக் கிடந்து, இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் மறுபடி துளிர்க்கும். ஆனால் 155 நாள் ரகம், ஆகஸ்டிலேயே விதைக்க வேண்டும். தாமதமானால் பலன் இல்லை. மேட்டு வயலில் பிபிடியே இருக்கட்டும்.

எந்த ரகம் போட்டாலும் வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் நாலு நாள் பத்து நாளாகும். புரட்டாசிக்குள் பக்கத்து வயல்காரரையும் கூட்டிக்கொண்டு அதை வாரிப் போடுங்கள். அவர் யூரியா போட்டு என்ன ஆனது என்று அப்போது கேட்டுக்கொள்ளலாம்.