எம்பிஏ விண்ணப்பத்தில் 'உங்கள் தொழில் இலக்கு என்ன?' என்று கேட்கிறார்கள். எனக்கே தெளிவில்லாதபோது என்ன எழுதுவது?

நீங்கள் பெங்களூரிலோ ஓசூரிலோ மூன்று நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஜிமேட் நுழைவுத் தேர்வு மார்க்கையும் கையில் வைத்துக்கொண்டு, கட்டுரைப் பக்கத்தைப் பார்த்து முழித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் முழித்தேன். நான் அட்மிஷன் ஆலோசகர் எல்லாம் இல்லை. இரண்டு தடவை விண்ணப்பித்து ஒரு தடவை தோற்றவன், அவ்வளவுதான்.

எங்களுக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம், காவேரிப்பட்டணம் பக்கம். அப்பாவுக்கு நாலு ஏக்கர் மாந்தோப்பு, முக்கால்வாசி கூழுக்குப் போகிற பெங்களூரா ரகம். நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்த்தேன். முதல் வருடம் நான் எழுதிய இலக்கு: படித்ததும் கன்சல்டிங், பத்து வருடம் கழித்து விவசாயிகளுக்காக ஒரு மாங்கூழ் ஆலை. காசு வாங்கிக்கொண்டு கட்டுரை திருத்திக் கொடுத்தவர், மண்வாசனை போதாது என்று இன்னும் இரண்டு வரி சேர்த்தார். நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதற்குப் போகவே ராத்திரி பஸ் பிடித்துப் பெங்களூர் போய், அங்கிருந்து ரயில். கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகராகி 20 வருடத்துக்கு மேல் ஆகிறது, ஊருக்கு ரயில் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஓடிய லைனையும் எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைப் போடுகிறோம் என்பார்கள். சரி, விடுங்கள்.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மா என் கட்டுரையைப் புரட்டிவிட்டு, "போன சீசன்ல உங்க அப்பாவுக்குக் கிலோவுக்கு என்ன விலை கிடைச்சது?" என்றார். தெரியவில்லை. "ஒரு டன் கூழ் எடுக்க எத்தனை டன் பழம் வேணும்?" அதுவும் தெரியவில்லை. ஏதோ உளறினேன். அவர் கோபப்படவில்லை, பேனாவை மூடி வைத்தார். மீதி இருபது நிமிடமும் மரியாதைக்குப் பேசியதுதான்.

அந்த ஜூனில் லீவு போட்டு அப்பாவோடு டெம்போவில் ஆலைக்குப் போனேன். என்ன விலை என்று கேட்டதற்கு, "வெலைய நான் எங்கடா போடறேன்? வண்டி உள்ள போனப்புறம் அவன் போடறான்" என்றார். கேட்டுக்கு வெளியே ஒரு பகல், ஒரு ராத்திரி வரிசையில் நின்றோம். தார்ப்பாய்க்கு அடியில் கை விட்டால் பழம் சுடுகிறது. அடியில் இருந்தது நசுங்கிப் பலகை இடுக்கில் சாறு ஒழுக, ஈ மொய்க்கிறது. எடை போட்டதும் 'கழிவு' என்று ஒரு பங்கைக் கழித்தார்கள். எந்தப் பழம் கழிவு, யார் பார்த்தது என்று எவரும் சொல்லவில்லை. கம்பெனியில் ஒரு போல்ட்டை நிராகரிக்கக்கூட நான் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்!

இரண்டாவது வருடக் கட்டுரை அங்கேதான் கிடைத்தது. உடனடி இலக்கு, உணவுப் பதப்படுத்தும் கம்பெனியில் கொள்முதல் வேலை. நீண்ட கால இலக்கு, தோப்புப் பக்கத்திலேயே தரம் பிரித்து, சர்க்கரை அளவு பார்த்து, ரசீதோடு பழத்தை அனுப்பும் மையம். ஒரு டன் கூழுக்கு ஏறக்குறைய இரண்டு டன் பழம் என்பதும் இப்போது தெரியும். அதே கல்லூரி இல்லை, வேறொன்றில் இடம் கிடைத்தது.

ஊர்க் கஷ்டத்தை விற்று சீட் வாங்கினான் என்று யாராவது எழுதுவீர்கள். முதல் வருடம் விற்றேன், ஒப்புக்கொள்கிறேன். அது விலை போகவில்லை. இப்போது நான் பிஸ்கட் கம்பெனியில் மாவு கொள்முதல் பார்க்கிறேன், மாம்பழம் இல்லை. இலக்கு மாறும் என்பது அவர்களுக்கும் தெரியும். நீங்கள் செய்த வேலையிலிருந்து நீங்கள் கேட்கும் வேலைக்கு வழி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். அதிலும் ஐஎஸ்பி (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) நடத்தும் பிஜிபி மாதிரி ஒரு வருட மேலாண்மைப் படிப்பில் கோடை இன்டர்ன்ஷிப் கிடையாது. ஐஐஎம்களின் இரண்டு வருடப் படிப்பில் உண்டு, துறை மாறுகிறவர் அங்கே ஒத்திகை பார்க்கலாம். அதனால் உடனடி இலக்கில் என்ன வேலை, எந்தத் துறை, எந்த மாதிரி கம்பெனி என்று பளிச்சென்று எழுதுங்கள். 'தலைமைப் பண்பை வளர்த்து' என்று ஆரம்பித்தால் அடித்துவிடுங்கள்.

எழுதியதை அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். நான் அப்பாவிடம் தமிழில் சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு, "கழிவு பிடிக்கறத எழுதினியா?" என்று மட்டும் கேட்டார். எழுதியிருந்தேன்.