ஹாலோவீன் இரவில் வீட்டு நாயை எப்படிப் பாதுகாப்பது?

அமெரிக்காவில் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 மாலை குழந்தைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்க வருவார்கள். நாய்க்கு அன்று பெரிய ஆபத்தே அந்த மிட்டாய்ப் பைதான். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்ற வேதிப்பொருளை நாயின் உடல் மிக மெதுவாகத்தான் வெளியேற்றும். வாந்தி, படபடப்பு தொடங்கி வலிப்பு வரை போகும். கறுப்புச் சாக்லேட் இன்னும் மோசம். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தைக் கண்ணிலேயே காட்டாதீர்கள்: பலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி, அரை மணி நேரத்துக்குள்ளேயே ரத்தச் சர்க்கரையைத் தடாலெனக் குறைத்துவிடக்கூடும். தின்றுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல், மிட்டாய் உறையையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

அடுத்தது வாசல் கதவு. அடிக்கடி திறப்பதால், மிரண்ட நாய் தெருவுக்குப் பாய்ந்துவிடும். இருட்டும் முன்பே நடைக்கு அழைத்துப் போய்வந்து உள்ளறையில் விடுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். நாய்க்கு வேடம் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. போட்டாலும், காதை மடக்கிக்கொண்டு அசையாமல் நின்றால் உடனே கழற்றிவிடுங்கள்.