தாழிக்குள் மிஞ்சியது

கேள்வி: போன இதழில் 'பண்டோராவின் பெட்டி' என்று எழுதியிருந்தீர்கள். அது பெட்டியே இல்லை, ஜாடி என்று என் மகள் சண்டைக்கு வருகிறாள். யார் சொல்வது சரி?

பதில்: மகள் சொல்வதுதான் சரி. முப்பது வருடமாக மேடைக்கு மேடை 'பெட்டி' என்றே முழங்கி வந்தவன் நான். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். முதல் பெண் பண்டோரா மூடியைத் திறக்க, உலகத்துத் துன்பங்கள் எல்லாம் வெளியே பறந்துவிட்ட கதை அது. அதை முதலில் சொன்ன கிரேக்கக் கவிஞர் ஹெசியட் 'பித்தோஸ்' என்கிறார். தானியம், எண்ணெய், திராட்சை மது எல்லாம் கொட்டிவைக்கும் பெரிய மண் தாழி அது. கிரீட் தீவில் நோசோஸ் அரண்மனை இடிபாடுகளில் அப்படிப்பட்ட தாழிகளை நேரில் பார்த்தேன். அவை ஹெசியடுக்குப் பல நூற்றாண்டு மூத்தவை. உடம்பு முழுக்கக் கயிறு சுற்றியதுபோலப் புடைப்பு வேலை, வரிசை வரிசையாகக் கைப்பிடிகள். ஒன்றின் பக்கத்தில் நின்றேன். அதன் விளிம்பு என் தலைக்கு மேலே இருந்தது. (நான் கொஞ்சம் குள்ளம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) மேஜைமேல் வைத்து மெல்லத் திறந்து எட்டிப்பார்க்கிற சாமான் இல்லை அது.

பெட்டி எங்கிருந்து வந்தது? 1508-ல் ஈராஸ்மஸ் என்ற அறிஞர் கதையை லத்தீனில் சொல்லும்போது பித்தோஸை 'பிக்ஸிஸ்' ஆக்கிவிட்டார். பிக்ஸிஸ் என்றால் மூடிபோட்ட சின்னச் சிமிழ். ஐந்நூறு வருடமாக உலகமே அந்தச் சிமிழைத்தான் திறந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: ஒரு பெண்ணுக்கு ஆவல் அடங்கவில்லை, அதனால் உலகத்துக்கே துன்பம் வந்தது என்பது அநியாயமாக இல்லையா?

பதில்: அநியாயம்தான். ஆனால் 'ஆவல்' என்ற சொல்லை ஹெசியட் தலையில் கட்டாதீர்கள். 'திறக்காதே' என்று யாரும் பண்டோராவிடம் சொன்னதாக அவர் பாட்டில் இல்லை. அவள் ஆசைப்பட்டு எட்டிப்பார்த்ததாகவும் இல்லை. தாழி அந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்றுகூட அவர் சொல்வதில்லை. அவள் மூடியைக் கையால் தூக்கினாள், உள்ளே இருந்தவை சிதறின. அவ்வளவுதான். ஆவல் கதை பிற்பாடு வந்தவர்கள் கைவேலை.

கதை தொடங்குவது ஆண்களின் தகராறில். மெகோனே என்ற இடத்தில் மாட்டைப் பங்கு போடும்போது, மனிதர்கள் பக்கம் நின்ற புரோமிதியஸ் தேவர்களின் அரசர் ஜீயஸிடம் வேலையைக் காட்டினான். நல்ல இறைச்சியை வயிற்றுப்பைக்குள் மறைத்து ஒரு பங்கு. வெறும் எலும்பைப் பளபளக்கும் கொழுப்பில் சுற்றி இன்னொரு பங்கு. ஜீயஸ் எடுத்தது எலும்பு. அந்தக் கோபத்தில் மனிதர்களுக்குக் கிடைக்காமல் நெருப்பை ஒளித்துவைத்தார். புரோமிதியஸ் அதைப் பெருஞ்சீரகத் தண்டின் உள்ளே வைத்துத் திருடிக்கொண்டு வந்துவிட்டான். அப்புறம்தான் ஜீயஸ், "நெருப்புக்கு விலையாக ஒரு தீமை தருகிறேன், அதை அவர்கள் ஆசையோடு கட்டிக்கொள்வார்கள்" என்று சிரித்தார். தேவர்களின் கொல்லன் ஹெபஸ்டஸ் மண்ணையும் நீரையும் பிசைந்து ஒரு பெண்ணைச் செய்தான். அவள்தான் பண்டோரா. மற்றத் தெய்வங்களும் கை கொடுத்தார்கள். அதீனா நெசவு கற்பித்தாள், அப்ரோடைட் அழகு தந்தாள், ஹெர்மஸ் பொய்யும் திருட்டுப் புத்தியும் உள்ளே வைத்தான். செய்து அனுப்பியவர்கள் மேலே இருக்க, பழி மட்டும் பொம்மைக்கு!

அவளை ஏற்றுக்கொண்டவன் புரோமிதியஸின் தம்பி எபிமிதியஸ். ஜீயஸிடமிருந்து எது வந்தாலும் வாங்காதே என்று அண்ணன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். புரோமிதியஸ் என்றால் முன்யோசனைக்காரன், எபிமிதியஸ் பின்யோசனைக்காரன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிற ஆளுக்குப் பெயரிலேயே சாதகம் எழுதிவிட்டார்கள்.

இப்படிச் சொல்வதால் ஹெசியடைப் பெண்களின் நண்பர் என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய இன்னொரு நூலான 'தியோகனி'யில் இதே முதல் பெண் வருகிறாள். அங்கே அவளுக்குப் பெயரும் இல்லை, தாழியும் இல்லை, அவளே தண்டனை. தேனீக்கள் நாளெல்லாம் உழைக்க, கூட்டுக்குள் உட்கார்ந்து தின்னும் சோம்பேறி ஈக்களோடு பெண்களை ஒப்பிடுகிறார் மனிதர். வீட்டு வேலையை ஒரு நாளாவது எட்டிப்பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

அவர் நிலைமையையும் பார்க்க வேண்டும். ஹெலிகான் மலையடிவாரத்தில் அஸ்க்ரா என்ற ஊரில் விவசாயி. காலம் கி.மு. 700-ஐ ஒட்டி. 'குளிரில் மோசம், கோடையில் கொடுமை, என்றைக்கும் நன்றாக இல்லை' என்று ஊரையே திட்டி வைத்திருக்கிறார். தம்பி பெர்சஸோடு சொத்துத் தகராறு. 'லஞ்சம் தின்னும் அரசர்கள்' தம்பி பக்கம். அந்தத் தம்பிக்குச் சொல்லும் புத்திமதியாகத்தான் 'வேலைகளும் நாட்களும்' நூலில் பண்டோரா வருகிறாள். தெய்வங்கள் பிழைப்பை ஒளித்துவைத்துவிட்டன, இல்லையென்றால் ஒரு நாள் உழைத்து ஒரு வருடம் உட்கார்ந்து சாப்பிடலாமே என்று ஆரம்பிக்கிறார். வேலை செய்துதான் ஆக வேண்டும் என்பதே அவருக்கு முதல் துன்பம். அடுத்தது நோய். நோய்கள் இரவும் பகலும் தாமாகவே, சத்தமில்லாமல் வருகின்றனவாம், ஏனென்றால் ஜீயஸ் அவற்றின் குரலைப் பறித்துவிட்டார். மருத்துவமனை வராந்தாவில் ஓர் இரவு உட்கார்ந்திருந்தபோது இந்த வரி நினைவுக்கு வந்து என்னைத் தூங்கவிடவில்லை.

கேள்வி: எல்லாம் பறந்தபின் 'நம்பிக்கை' மட்டும் ஏன் தாழியில் மாட்டிக்கொண்டது? உள்ளே இருந்தால் நமக்கு எப்படிப் பயன்படும்?

பதில்: கெட்டிக்காரக் கேள்வி. இதற்குக் கிரேக்கர்களே ஒரே பதில் வைத்திருக்கவில்லை. மூலத்தில் உள்ள சொல் 'எல்பிஸ்'. நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையும் அதுதான், ஏதோ வரப்போகிறது என்ற வெறும் எதிர்பார்ப்பும் அதுதான். தீமைகளின் தாழியில் அதற்கு என்ன வேலை என்பதுதான் சிக்கல். பாப்ரியஸ் என்ற நீதிக்கதைக்காரர் கதையையே தலைகீழாக்கிவிட்டார்: தாழியில் இருந்தவை எல்லாம் நன்மைகள், மனிதன் மூடியைத் திறக்க, அவை தேவர்களிடம் பறந்துவிட்டன, நம்பிக்கை மட்டும் தங்கியது. அவர் கதையில் பண்டோரா இல்லை, கவனித்தீர்களா? 'கட்டுண்ட புரோமிதியஸ்' நாடகத்தில் இன்னொரு கோணம். மனிதர்கள் தங்கள் சாவை முன்கூட்டியே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அதை நிறுத்த என்ன மருந்து கொடுத்தாய் என்று நாடகத்தின் பாடகர் குழு அவனைக் கேட்கிறது. "குருட்டு நம்பிக்கைகள்" என்கிறான் புரோமிதியஸ்.

என் பங்குக்கு ஒன்று. ஹெசியட் அதே நூலில் பிற்பாடு தாழியைப் பற்றி ஒரு வீட்டு யோசனை சொல்கிறார். தாழியைப் புதிதாகத் திறக்கும்போதும் தீரப்போகும்போதும் தாராளமாக எடு, நடுவில் சிக்கனமாக இரு. அடியைத் தொட்டபின் சிக்கனம் பிடிப்பது பரிதாபம். அங்கேயும் சொல் பித்தோஸ்தான். பண்டோராவின் தாழியைச் சொன்னபோதும் அந்த விவசாயியின் கண்ணில் இருந்தது உணவு தீர்ந்துகொண்டே வரும் தாழி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கடைசியில் உள்ளே என்ன மிஞ்சும் என்பது அவருக்குத் தத்துவக் கேள்வியாக இருந்திருக்காது. அறிஞர்கள் மறுக்கலாம், மறுக்கட்டும்.

கேள்வி: ஹோமரும் பண்டோராவைத்தான் சொல்கிறாரா?

பதில்: இல்லை. ட்ராய் போரைப் பாடும் அவருடைய 'இலியட்' காவியத்தின் கடைசிக் காண்டத்தில் ஜீயஸின் வாசலில் தாழிகள் இருக்கின்றன. ஒன்றில் தீமை, மற்றதில் நன்மை. சிலருக்கு இரண்டையும் கலந்து தருகிறார், சிலருக்கு வெறும் தீமை. நன்மை மட்டும் கிடைத்தவன் என்று ஒருவனும் இல்லை. கடவுள் தீமை தருவாரா என்று தத்துவஞானி பிளேட்டோவுக்கு இந்த வரிகள்மேல் கோபம். ஹோமரின் இன்னொரு காவியமான 'ஒடிசி'யிலோ ஜீயஸே, "மனிதர்கள் தங்கள் மடத்தனத்தால் இழுத்துக்கொண்டு எங்களைக் குறை சொல்கிறார்கள்" என்று அலுத்துக்கொள்கிறார்.

'இலியட்'டில் தாழிக் கதையைச் சொல்பவன் கிரேக்க வீரன் அக்கிலீஸ், கேட்பவர் ட்ராய் அரசர் பிரயாம். மகன் ஹெக்டரைக் கொன்றவனின் கூடாரத்துக்கே, உடலைக் கேட்டு வாங்க வந்திருக்கிறார் கிழவர். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். அப்புறம் அக்கிலீஸ், பன்னிரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த நியோபிகூடச் சாப்பாட்டை நினைத்தாள் என்று சொல்லி, எழுந்துபோய் ஒரு வெள்ளை ஆட்டை அறுக்கிறான். மகன் செத்ததிலிருந்து எதுவும் தொண்டையில் இறங்காத கிழவர் அன்று சாப்பிடுகிறார்.