அரியணை போனபின் அரண்மனைச் சொத்து யாருக்கு?

கேள்வி: தஞ்சை மராட்டிய அரசு முடிந்தபோது மன்னரின் சொந்த நிலம், நகைகளையும் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டதா? குடும்பத்துக்கு என்ன மிஞ்சியது? – பாபநாசம் வாசகர்

பதில்: எல்லாவற்றையும்தான் எடுத்துக்கொண்டது. பிறகு 1862-இல் பிரிட்டிஷ் அரசு திருப்பித் தந்ததும் உரிமையாக அல்ல, சலுகையாக. பின்னால் வந்த வழக்குகளுக்கு வேர் அதுவே.

1799 உடன்படிக்கையில் இரண்டாம் சரபோஜி நாட்டு நிர்வாகத்தைக் கம்பெனியிடம் விட்டார். ஆண்டுக்கு 1 லட்சம் நட்சத்திர வராகன் (சுமார் 3.5 லட்சம் ரூபாய்), நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு, தஞ்சைக் கோட்டை ஆகியவை அவருக்கு. அவர் மகன் இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி இறந்தார். மறு ஆண்டு அக்டோபரில் கமிஷனர் ஃபோர்ப்ஸ் படையோடு வந்து அரண்மனைச் சொத்தைக் கைப்பற்றினார். அரசுடைமை எது, மன்னரின் தனியுடைமை எது என்று அப்போது பிரித்துப் பார்க்கவே இல்லை.

மூத்த ராணி காமாட்சி பாய் சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டு வென்றார். 1859-இல் லண்டன் பிரிவி கவுன்சில் (அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றம்) அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. கம்பெனி இதை அரசு என்ற முறையில் செய்திருக்கிறது, அரசுகளுக்கிடையே நடப்பதை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்பது காரணம். இதில் கொடுமை என்னவென்றால், கைப்பற்றியதற்குச் சட்ட ஆதாரம் எதையும் இந்த ஆவணங்களில் காண்பது மிகக் கடினம் என்று அதே தீர்ப்பே எழுதுகிறது. நியாயம் ராணியின் பக்கம்தான் இருந்தது. அதைக் கேட்கும் அதிகாரம்தான் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லாமல் போனது.

சொத்தைத் திருப்பித் தந்த 1862 அரசாணைப்படி அதன் நிர்வாகம் மூத்த ராணிக்கு; மற்ற ராணிகளும் அனுபவிக்க அவர் வழிசெய்ய வேண்டும்; கடைசி ராணியும் மறைந்தபின் மன்னரின் மகளுக்கு, அவரும் இல்லையேல் அடுத்த வாரிசுகளுக்கு. ஆனால் யாருக்கு எவ்வளவு என்று ஆணை சொல்லவில்லை. ராணிகளுக்குள்ளேயே வழக்கு வந்தது. மூத்தவர் தனி உரிமையாளர் அல்ல, எல்லாருக்கும் கூட்டுச் சொத்து என்று 1868-இல் சென்னை உயர்நீதிமன்றம் முடிவு சொன்னது.

சரஸ்வதி மகால் சுவடிகள் மட்டும் பாகப்பிரிவினைக்குத் தப்பின. 1918-இல் அந்த நூலகம் பொது அறக்கட்டளையானது. சரபோஜி காசி யாத்திரையில் சேர்த்த ஏடுகளும் அதில் உண்டு.

கேள்வி: ஜெர்மன் கைசர் இரண்டாம் வில்ஹெல்மும் இப்படித்தான் இழந்தாரா? – மன்னார்குடி வாசகர்

பதில்: இல்லை. 1918-இல் முடி துறந்து நெதர்லாந்துக்குப் போனவருக்கு அரண்மனைச் சாமான்கள் 59 ரயில் வண்டிப் பெட்டிகளில் போய்ச் சேர்ந்தன. மன்னர் குடும்பங்களின் சொத்தை ஈடின்றிப் பறிக்கலாமா என்று 1926 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. 1.4 கோடிக்கு மேல் ‘ஆம்’ விழுந்தும், தேவையான சுமார் 2 கோடியை எட்டவில்லை. அவ்வாண்டே ஜெர்மனியின் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் அரசு அவர் குடும்பத்தோடு பங்கு பிரித்துச் சட்டம் போட்டது. நெதர்லாந்தின் டோர்ன் ஊரில் அவர் வாங்கிய மாளிகைதான் பிறகு போனது: 1945-இல் எதிரிச் சொத்து என்று டச்சு அரசு எடுத்துக்கொண்டது.