நாபா பள்ளத்தாக்குக்குப் போகுமுன்: வாசகர் கேள்வி-பதில்

ஒயினுக்குப் பெயர்போன கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கையில் ஒரு நாள்தான் இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து காலையில் கிளம்பி ஐந்தாறு ஒயினரிகளை (ஒயின் தயாரிக்கும் இடங்களை) பார்த்துவிட்டு இரவே திரும்ப முடியுமா?

முடியும், ஆனால் மூன்றாவதற்கு மேல் எதுவும் மனதில் நிற்காது. ஓரிடத்தில் நான்கைந்து ஒயின்கள் ஊற்றுவார்கள். கதை கேட்டு, தோட்டத்தைப் பார்த்து வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். இரண்டு போதும். காலை பத்து மணிக்கு ஒன்று, சாப்பாடு, அப்புறம் மதியம் ஒன்று. ஒன்று பெயர்பெற்ற பழைய இடமாகவும் இன்னொன்று குடும்பமாக நடத்தும் சிறிய இடமாகவும் இருக்கட்டும். பெரும்பாலான ஒயினரிகள் மாலை ஐந்து மணியளவில் கதவைச் சாத்திவிடும்.

முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். விளைநிலத்தில் கூட்டம் பெருகிவிடக் கூடாது என்று நாபா கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) 1990-இல் விதி கொண்டுவந்தது. அதற்குப் பிறகு அனுமதி பெற்ற ஒயினரிகளில் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பள்ளத்தாக்கின் நீளம் ஏறக்குறைய 48 கிலோமீட்டர்தான். ஆனால் சனி, ஞாயிறுகளில் நெடுஞ்சாலை 29-இல் வண்டி நகராது. அதற்கு இணையாகக் கிழக்கே போகும் சில்வராடோ டிரெயிலைப் பிடியுங்கள். வழியெல்லாம் கொடிகள், சிக்னல்களும் குறைவு.

எந்த மாதம் நல்லது? அறுவடையைப் பார்க்க ஆசை.

அறுவடை ஆகஸ்டில் தொடங்கி அக்டோபர் வரை போகும். நுரைக்கும் ஒயினுக்கான பழங்கள் முதலில், சிவப்பு ஒயினுக்கான கேபர்னே சாவின்யான் திராட்சை கடைசியில். ஆனால் பல தோட்டங்களில் பழம் சூடாகிவிடாமல் இருக்க நள்ளிரவுக்குப் பிறகு விளக்கு வெளிச்சத்தில்தான் பறிக்கிறார்கள். அதனால் பகலில் போகிறவர்கள் வெறும் கொடியைப் பார்த்துவிட்டு ஏமாறுவதுண்டு. ஒயினரிக்குள் பழம் வந்து இறங்குவதையும் தொட்டியில் நொதிப்பதையும் காட்டுவார்களா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

அந்தப் பருவத்தில் கேட்டால் ஒரு பழம் பறித்துத் தின்ன விடுவார்கள் (கேட்காமல் பறிக்க வேண்டாம்). கேபர்னே பழம் சுண்டுவிரல் நுனியளவுதான் இருக்கும். தடித்த தோல், உள்ளே சதையைவிட விதைதான் அதிகமோ என்று தோன்றும். ஆனால் கடையில் வாங்கும் திராட்சையைவிட இனிப்பு அதிகம். பிதுக்கிப் பாருங்கள், சாறு நிறமில்லாமல் வரும். சிவப்பெல்லாம் தோலில் இருக்கிறது. அதனால்தான் சிவப்பு ஒயினைத் தோலோடு சேர்த்து நொதிக்க விடுகிறார்கள்.

என்னைக் கேட்டால் பிப்ரவரி. கொடிகள் மொட்டையாக நிற்கும், வரிசைகளுக்கு நடுவே கடுகு மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும், கூட்டமும் இருக்காது. ஊற்றித் தருபவருக்கு உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.

எந்த மாதம் போனாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே போனால் குளிரும் என்று நினைப்போம், இங்கே தலைகீழ். தெற்கே கார்னெரோஸ் பகுதியில் சான் பாப்லோ விரிகுடாவின் மூடுபனியும் காற்றும் குளிர்விக்கும். வடக்குக் கோடியிலுள்ள கலிஸ்டோகாவில் கோடைப் பகல் கொளுத்தும். ஷார்டனே, பினோ நுவார் திராட்சைகள் தெற்கே, கேபர்னே நடுவிலும் வடக்கிலும் என்று பிரிந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

ஒயின் சுவைப்பது பற்றி எதுவும் தெரியாது. அங்கே போய் அசடு வழியக் கூடாதே?

அங்கே வருபவர்களில் பாதிப்பேர் உங்களைப் போலத்தான். கிளாஸைத் தண்டில் பிடியுங்கள். மேசைமேல் வைத்தபடியே சுழற்றினால் சட்டையில் சிந்தாது. முதலில் மூக்கு, பிறகு நாக்கு. நாவற்பழம் தின்றபின் ஈறும் நாக்கும் இறுகுமே, இளம் கேபர்னேயில் வரும் டானின் அந்தத் துவர்ப்புதான். அது குறை இல்லை, நாளாக ஆகத் தணியும். பிடிக்காததைக் கொட்டிவிட மேசையில் ஒரு பாத்திரம் இருக்கும். விழுங்காமல் அதில் துப்புவதும் மரியாதைக் குறைவு அல்ல. தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

ஒன்றே ஒன்று: சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள். தலை நிறைய மல்லிகையும் வேண்டாம். பக்கத்து மேசைக்காரருக்கும் ஒயினின் வாசனை தெரியாமல் போய்விடும்.

நாங்கள் சுத்த சைவம். ஒயினைத் தெளியவைக்க முட்டை சேர்க்கிறார்களாமே?

சில ஒயின்களில் உண்மைதான். சிவப்பு ஒயினின் துவர்ப்பைத் தணிக்க முட்டையின் வெள்ளைக்கரு, வெள்ளை ஒயினைத் தெளிவிக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருள், சில இடங்களில் ஜெலட்டின் என்று பழைய வழக்கங்கள் உண்டு. அவை கசடோடு அடியில் தங்கிவிடும், ஒயினை மேலாக வடித்துவிடுவார்கள். ஆனாலும் உங்கள் கொள்கைக்கு அது ஒத்துவராது என்றால் ஒத்துவராதுதான். பென்டொனைட் என்ற களிமண்ணைப் பயன்படுத்துபவர்கள் ஏராளம், எதுவுமே சேர்க்காதவர்களும் உண்டு. அமெரிக்காவில் இதை லேபிளில் போட வேண்டிய கட்டாயமில்லை என்பதால் நேரில் கேட்பதுதான் வழி. ‘வீகன்தானா?’ என்று கேட்டால் போதும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கூடத் தரும் சீஸ், இறைச்சித் தட்டுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரு பாட்டில் 100 டாலரா! பெயருக்குத்தானே இந்த விலை?

பெயருக்கும் உண்டு. 1976-இல் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற பிரிட்டிஷ் ஒயின் வணிகர் பாரிஸில் நடத்திய போட்டியில், லேபிளை மறைத்து ஊற்றிக் கொடுத்தபோது, பிரெஞ்சு நடுவர்கள் சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸையும் வெள்ளையில் ஷாட்டோ மான்டலீனாவையும் முதலிடத்தில் வைத்தார்கள். இரண்டுமே நாபா ஒயினரிகள். அதிலிருந்து ஏறிய மவுசு இறங்கவில்லை.

கணக்கும் கொஞ்சம் இருக்கிறது. நாபா கேபர்னே ஒரு டன் சராசரியாக 8,000 டாலருக்கு மேல் போகிறது. ஒரு டன்னில் சுமார் 700 பாட்டில் வரும். பழத்துக்கே பாட்டிலுக்குப் பதினோரு டாலருக்கு மேல் ஆகிவிட்டது. 225 லிட்டர் பிடிக்கும் புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய் ஒன்று 1,000 டாலரைத் தாண்டும். அதில் 300 பாட்டில். பிறகு இரண்டு வருடம் வரை வைத்திருக்க வேண்டும். டன் விலையை நூறால் வகுத்தால் பாட்டில் விலை என்று அந்தத் தொழிலில் ஒரு கைக்கணக்கே உண்டு. மிச்சம் எதற்கு என்றால், அந்தச் சாய்வு நாற்காலிக்கும் மலைக்காட்சிக்கும்தான். எனக்கு 100 டாலர் கேபர்னேயைவிட, பாதி விலைக்கு அங்கேயே கிடைக்கும் ஜின்ஃபாண்டெல் என்ற இன்னொரு சிவப்பு ஒயின்தான் பிடிக்கும்.

அப்பா அம்மா குடிக்க மாட்டார்கள், எட்டு வயதுப் பையனும் கூட வருகிறான். அவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, ஆனால் ஒயினரியை நம்பிப் போகாதீர்கள். 21 வயது நிரம்பாதவர்களைப் பல ஒயினரிகள் உள்ளேயே விடுவதில்லை. பள்ளத்தாக்கிலுள்ள செயின்ட் ஹெலினா ஊருக்கு வடக்கே 1846-இல் கட்டிய பேல் மாவு ஆலை இருக்கிறது. பதினோரு மீட்டர் உயரத் தண்ணீர்ச் சக்கரம். பக்கத்திலேயே போத்தி-நாபா பூங்காவில் வானளாவிய ரெட்வுட் மரங்களின் நிழலில் நடக்கலாம். பையனுக்குக் கலிஸ்டோகாவில் சீறியெழும் வெந்நீர் ஊற்று. முழங்கால் வலிக்கும் பெரியவர்களுக்கு நாபா ஊரிலிருந்து கிளம்பும் ஒயின் ரயில். உட்கார்ந்தபடியே பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு சாப்பிடலாம். விலை அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வண்டியை யார் ஓட்டுவது?

குடிக்காதவர். அப்படி யாரும் இல்லையென்றால், உங்கள் காரையே மணிக்கணக்கில் ஓட்டித் தரும் டிரைவர்கள் கிடைப்பார்கள். ஓட்டுபவரின் ரத்தத்தில் ஆல்கஹாலுக்குச் சட்ட வரம்பு 0.08 சதவீதம், இரண்டு இடத்தில் சுவைத்தாலே அதை நெருங்கிவிடலாம். திறந்த பாட்டிலை டிக்கியில்தான் வைக்க வேண்டும், இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தால் குற்றம்.

ஒயினரிகளில் தங்கள் ஒயின் கிளப்பில் சேரச் சொல்லி வற்புறுத்துகிறார்களே?

சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லுங்கள். சேர்ந்தால் வருடத்தில் பல முறை ஒயின் பெட்டி வரும், கார்டில் பணம் போகும்.

சென்னைக்கு எத்தனை பாட்டில் கொண்டுபோகலாம்?

இந்தியாவுக்குள் வரும் பெரியவர் ஒருவருக்கு இரண்டு லிட்டர் வரை வரியில்லை. 750 மில்லி பாட்டில் இரண்டு போக அரை லிட்டர் மிஞ்சும்; மூன்றாவது வைத்தால் வரம்பைத் தாண்டிவிடும். செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, துணிகளுக்கு நடுவே படுக்கவையுங்கள். அதற்கு முன்னால், கோடையில் வாங்கியதைக் காரிலேயே விட்டுவிட்டு ஊர் சுற்றாதீர்கள். பூட்டிய காரின் சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை வெளியே தள்ளிவிடும். தெர்மாகோல் பெட்டி ஒன்றும் கொஞ்சம் ஐஸும் இருந்தால் போதும்.