ஒரே கல்லூரியின் கூடைப்பந்து அணி வென்றுகொண்டும் ஃபுட்பால் அணி தோற்றுக்கொண்டும் இருந்தால், அதன் ரசிகர் எதை வைத்து மகிழ்வார், எதை வைத்து வருந்துவார்?

கேள்வி கேட்டவர் கேன்சஸ் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறார். 2024-25 பருவத்தில் 34 ஆட்டங்களில் 21 வென்ற கூடைப்பந்து அணியை ஏசிய ரசிகர்கள், அதே பருவத்தில் 12 ஆட்டங்களில் ஐந்தை மட்டுமே வென்ற ஃபுட்பால் அணியை எப்படிப் பாராட்டினார்கள் என்பது அவருடைய வியப்பு. அப்படி ஏசியவர்களிலும் பாராட்டியவர்களிலும் நானும் ஒருவன் என்பதால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். 2015 ஆகஸ்டில் முதுகலைப் படிப்புக்காக, அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் லாரன்ஸ் நகரில் வந்து இறங்கினேன். படிப்பு முடிந்த பின்னும் கேன்சஸ் சிட்டிப் பக்கமே வேலை அமைந்துவிட்டதால் இரண்டு அணிகளையும் விடாமல் பார்த்து வருகிறேன். (நான் ஃபுட்பால் என்று எழுதுவது, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டத்தை. நம் ஊர்க் கால்பந்து இவர்களுக்கு சாக்கர்.)

வந்த இரண்டாவது வாரமே, இலவசமாகக் கிடைத்த ஒரு டிக்கெட்டில் ஃபுட்பால் பார்க்கப் போனேன். எதிரணி தெற்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகம். ஒரு படி கீழான பிரிவில் ஆடும் அணி. கேன்சஸ் 41-38 என்று தோற்றது. கடைசி நொடிகளில் கடிகாரத்தை நிறுத்துவதற்காகப் பந்தைத் தரையில் அடிக்க வேண்டிய குவார்ட்டர்பேக்கின் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) கையிலிருந்து அது நழுவியது; அத்தோடு ஆட்டம் முடிந்தது. ஆட்டத்தின் விதிகளே அன்று எனக்குப் பாதிதான் புரிந்தன என்றாலும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஏதோ பேருந்தைத் தவறவிட்டவர் போல அமைதியாக நடந்து போனது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பருவத்தில் கேன்சஸ் ஆடிய 12 ஆட்டங்களிலும் தோற்றது.

அதே பெரியவர்கள் நவம்பரில் ஆலன் ஃபீல்ட் ஹவுஸ் அரங்குக்குள் நுழையும்போது வேறு மனிதர்களாகிவிடுவார்கள். 1955இல் திறக்கப்பட்ட அந்த அரங்கில் நான் வந்த காலத்தில் 16,300 பேர் அமர முடிந்தது. பெரும்பாலும் நெருக்கியடித்து உட்காரும் பெஞ்சுகள்தாம். எதிரணியை அறிமுகப்படுத்தும்போது மாணவர்கள் அனைவரும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு படிப்பதுபோல் பாவனை செய்வார்கள். தம் அணியின் பெயர் ஒலித்ததும் அதே தாளைக் கிழித்து வானில் வீசுவார்கள். வெற்றி உறுதியான கடைசி நிமிடங்களில் ‘ராக் சாக், ஜேஹாக்’ என்ற கோஷத்தை இழுத்து இழுத்துப் பாடுவார்கள். (ஜேஹாக் என்பது கேன்சஸ் அணிகளின் பட்டப்பெயர்.) 1886இல் வேதியியல் பேராசிரியர் ஒருவர் தொடங்கிவைத்த கோஷம் அது. முதன்முறை கேட்டபோது அது ஆரவாரமாக அல்லாமல், மார்கழி விடியலில் தூரத்திலிருந்து வரும் பஜனை போலவே என் காதில் விழுந்தது.

இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. 1891இல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1898இல் கேன்சஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்து அதன் முதல் பயிற்சியாளரானார். அவருடைய கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. கேன்சஸின் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி மிகுதியாக உள்ளவர், அந்த ஆட்டத்தையே உருவாக்கியவர் ஒருவர்தான் என்பதை இங்குள்ளவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவருடைய மாணவரான ஃபாக் ஆலனின் பெயரில் அரங்கம், நெய்ஸ்மித்தின் பெயரில் அரங்கத்துக்கு முன்னால் செல்லும் சாலை. நெய்ஸ்மித் வகுத்த 13 விதிகளின் மூலப் படிகூட, முன்னாள் மாணவரான டேவிட் பூத் 2010இல் 43 லட்சம் டாலருக்கு ஏலம் எடுத்ததால் அரங்கை ஒட்டிய கட்டடத்திலேயே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. 1952, 1988, 2008, 2022 என நான்கு முறை தேசியப் பட்டம். பில் செல்ஃப் பயிற்சியில் 2005 முதல் 2018 வரை தொடர்ந்து 14 ஆண்டுகள் பிக் 12 மாநாட்டில் (பல கல்லூரி அணிகள் தமக்குள் ஆடும் கூட்டமைப்பு இது) முதலிடம். இத்தனையும் கொண்ட வீட்டில் பிறந்த பிள்ளை 90 மதிப்பெண் எடுத்துவந்தால் மீதிப் பத்து எங்கே என்றுதான் கேட்பார்கள்.

ஃபுட்பாலின் கதை தலைகீழ். 2007இல் 12 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அந்தத் தோல்வியும் பரம எதிரியான மிசூரியிடம். பிறகு 2008 ஜனவரியில், பருவ முடிவில் தேறிய அணிகளுக்காக நடக்கும் பௌல் ஆட்டங்களில் ஒன்றான ஆரஞ்சு பௌலில் வர்ஜீனியா டெக்கை 24-21 என வென்றார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், மெம்ஃபிஸுக்கு எதிரான கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில், 2.1 நொடி மிச்சமிருக்கையில் மாரியோ சால்மர்ஸ் எறிந்த மூன்று புள்ளிப் பந்து கூடைக்குள் விழுந்து சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் 75-68 என்று பட்டமும் வந்தது. அந்த நான்கு மாதங்களை நேரில் கண்டவர்கள் மீது எனக்கு இன்றும் சிறிது பொறாமை உண்டு. 2009இல் ஐந்து ஆட்டங்களைத் தொடர்ந்து வென்ற ஃபுட்பால் அணி அடுத்த ஏழையும் தோற்றது, பயிற்சியாளர் விலகினார், அதன் பின் 2020 வரை வந்த நான்கு பயிற்சியாளர்களில் ஒருவராலும் அணியை நிமிர்த்த முடியவில்லை.

ஏன் நிமிர்த்த முடியவில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. கூடைப்பந்தில் களத்தில் நிற்பவர்கள் ஐந்து பேர். அன்றைய விதிப்படி உதவித்தொகை பெறுபவர்கள் 13 பேர். இரண்டு நல்ல வீரர்கள் சேர்ந்தால் அணியின் முகமே மாறிவிடும். ஃபுட்பாலிலோ அன்று உதவித்தொகை இடங்கள் 85, ஆண்டுக்குப் புதிதாகச் சேர்க்கக்கூடியவர்கள் 25 பேர் என்று உச்சவரம்பு இருந்தது. அவசரத்துக்கு இரண்டாண்டுக் கல்லூரிகளிலிருந்து வீரர்களைக் கொண்டுவந்து, அவர்கள் சீக்கிரமே போய்விட்டால், காலியான இடங்களை நிரப்பவே நான்கைந்து ஆண்டுகள் பிடிக்கும். நான் பார்த்த 2015 அணி அப்படிப் பள்ளம் விழுந்திருந்த அணி. அன்று பந்து நழுவியதைக் கண்டு சிரித்த எனக்கு, பிறகு இதையெல்லாம் அறிந்தபோது சற்று வெட்கமாக இருந்தது.

2021இல் லான்ஸ் லைபோல்ட் பயிற்சியாளரானார். அந்தப் பருவத்திலும் 2 வெற்றி, 10 தோல்விதான். ஆனால் அந்த இரண்டில் ஒன்றைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் என் மனைவி எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார். நவம்பர் 13, ஆஸ்டின் நகரில் டெக்சாஸுக்கு எதிரான ஆட்டம். அதற்கு முன் மாநாட்டு ஆட்டங்களில் வெளியூரில் 56 முறை தொடர்ந்து தோற்றிருந்தது கேன்சஸ். கூடுதல் நேரத்தில் ஒரு டச் டவுன் அடித்து (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்து) ஒரு புள்ளி பின்தங்கியிருந்த நிலையில், பந்தை உதைத்து ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்யாமல், இன்னொரு முறை எல்லைக்குள் கொண்டுபோய் இரண்டு புள்ளிக்கு முயல்வது என்று லைபோல்ட் முடிவெடுத்தார். குவார்ட்டர்பேக் ஜேலன் டேனியல்ஸ் நெருக்கடியில் வீசிய பந்தைப் பிடித்தவர் ஜாரெட் கேசி. உதவித்தொகை ஏதும் இல்லாமல் தம் விருப்பத்தில் அணியில் சேர்ந்திருந்த கேன்சஸ் மாநில இளைஞர். 57-56. வெற்றியைக் காட்டிலும் என்னைத் தொட்டது அந்த முடிவுதான். தோற்றுப் பழகிய அணிகள் சமன் செய்யத்தான் பார்க்கும். வெல்ல முடியும் என்று நம்புகிற பயிற்சியாளர்தான் அந்த இடத்தில் இரண்டு புள்ளிக்குப் போவார். இந்த அணி மாறப்போகிறது என்று அன்றிரவு நான் நம்பத் தொடங்கினேன்.

2022இல் இரு பக்கமும் நல்ல காற்று வீசியது. ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில் இடைவேளையின்போது வட கரோலினாவிடம் 40-25 என்று பின்தங்கியிருந்தோம். இரண்டு நிமிடம் மிச்சமிருக்க ஒன்பது புள்ளி பின்தங்குவது மேலா, இருபது நிமிடம் மிச்சமிருக்கப் பதினைந்து பின்தங்குவது மேலா என்று செல்ஃப் 2008 இறுதி ஆட்டத்தை நினைவூட்டித் தம் வீரர்களிடம் கேட்டாராம். இரண்டாம் பாதியில் 47 புள்ளிகள் குவித்து 72-69 என வென்றார்கள். அந்த நவம்பரில் ஃபுட்பால் அணி ஓக்லஹோமா ஸ்டேட்டை 37-16 என வீழ்த்தி, 2008க்குப் பின் முதன்முறையாகப் பௌல் ஆட்டத்துக்கு வேண்டிய ஆறு வெற்றிகளை எட்டித் தகுதி பெற்றபோது, மாணவர்கள் கோல் போஸ்ட்டைப் பிடுங்கித் தோளில் சுமந்துபோய் வளாகத்தின் பாட்டர் ஏரியில் போட்டார்கள். ஒருவர் தேசியப் பட்டமே வாங்கியிருக்கிறார், மற்றவர் ஆறாவது வெற்றியைத்தான் பெற்றிருக்கிறார். ஆனால் என் வீட்டில் இரண்டு இரவுகளுக்கும் சத்தம் ஒரே அளவுதான்.

இனி, கேட்கப்பட்ட 2024-25. கூடைப்பந்து அணி பருவம் தொடங்கும் முன்பே தரவரிசையில் முதலிடம். நவம்பரில் வட கரோலினாவையும் டியூக்கையும் வென்றபோது அது சரியாகவே தோன்றியது. ஆனால் ஜனவரியில் ஹூஸ்டனிடம், அதுவும் சொந்த அரங்கில், கைக்கு வந்துவிட்ட ஆட்டத்தை இரண்டாவது கூடுதல் நேரத்தில் 92-86 என்று கோட்டை விட்டார்கள். அடுத்த வாரம் பெய்லரிடம் 21 புள்ளி முன்னிலையில் இருந்து 81-70 எனத் தோற்றார்கள். பிப்ரவரியில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்திடம் 91-57. மார்ச் மாதத் தேசியப் போட்டியின் முதல் சுற்றிலேயே ஆர்கன்சாவிடம் 79-72. மொத்தம் 13 தோல்வி. செல்ஃப் கேன்சஸுக்கு வந்த பின் இதுவே மிகுதி.

ஃபுட்பால் அணிக்கு அந்த ஆண்டு சொந்த மைதானமே இல்லை. 1921இல் எழுந்த மெமோரியல் ஸ்டேடியத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்ததால், உள்ளூர் ஆட்டங்களையும் கேன்சஸ் சிட்டிக்குப் போய் ஆடினார்கள். முதல் ஆறில் ஐந்து தோல்வி. நான் அப்போது மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் பழைய காலம் திரும்பிவிட்டது என்றே சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் பருவத்தின் ஏழு தோல்விகளில் ஐந்து, ஆறு புள்ளிக்குள் போனவை: 23-17, 23-20, 32-28, 35-31, 29-27. ஒவ்வொன்றிலும் கடைசிக் கால்பகுதியில் ஆட்டம் கையில்தான் இருந்தது. நவம்பரில், தரவரிசையில் இருந்த அயோவா ஸ்டேட், அதுவரை தோல்வியே காணாத பிரிகம் யங், கொலராடோ என மூன்று அணிகளை அடுத்தடுத்து வென்றார்கள். கடைசி ஆட்டத்தில் பெய்லர் 45-17 என்று அடித்துத் துவைத்ததால் பௌல் வாய்ப்பு போயிற்று. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆகவே என் விடை இது: முதல் அணி ஆட ஆட மங்கியது, இரண்டாவது அணி ஆட ஆட மெருகேறியது. வெற்றிகளின் எண்ணிக்கை இந்த இரண்டையும் காட்டாது. வெளியூரில் ஆடும்போது இரண்டாம் பாதியில் என்ன செய்கிறார்கள், முன்னிலை குறையத் தொடங்கும்போது பந்தைக் கேட்டு வாங்குபவர் யார், தோற்றதற்கு அடுத்த வாரம் எப்படி வருகிறார்கள் என்பவற்றையே நான் பார்க்கிறேன். அந்தக் கூடைப்பந்து அணியில் பல வீரர்கள் வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வந்தவர்கள், தனித்தனியே திறமைசாலிகள். முன்னிலை கரையும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்ற காட்சி பெய்லர் ஆட்டத்தில் மட்டும் வந்திருந்தால் மறந்திருப்பேன்; பருவம் முழுவதும் வந்தது.

இதற்காக ஆட்களை மாற்றுவதே குற்றம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. 2022 இறுதி ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் கைகொடுத்த ரெமி மார்ட்டின் அரிசோனா ஸ்டேட்டிலிருந்து வந்தவர்தான். 2024-25 அணியில் மனம் தளராமல் ஆடியவர்களில் ஒருவரான ஸீக் மேயோவும் வேறு கல்லூரியிலிருந்து வந்தவர். ஆனால் பிறந்து வளர்ந்தது லாரன்ஸில். ஃபுட்பாலில் 2023இல் ஓக்லஹோமாவை 38-33 என வென்றபோது, கடைசி நிமிடத்தில் டச் டவுன் அடித்த டெவின் நீலும் அதே லாரன்ஸ் உயர்நிலைப் பள்ளி மாணவர். அந்த வகையில் ஊர்ப்பற்று எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் அளவுகோலில் ஒரு குறையும் உண்டு. ஃபுட்பால் அணியிடம் எனக்கு எதிர்பார்ப்பு குறைவு என்பதால் அதன் பிழைகளை எளிதில் மன்னிக்கிறேன். ஐந்து முறை ஆறு புள்ளிக்குள் தோற்பது துரதிர்ஷ்டம் மட்டும் அன்று. கடைசி நிமிடங்களை ஆடத் தெரியாததும்தான். ஹூஸ்டனிடம் கூடைப்பந்து அணி செய்தபோது கத்திய நான், அதையே ஃபுட்பால் அணி செய்தபோது ‘பரவாயில்லை, நெருங்கிவிட்டார்கள்’ என்றேன். ஆலன் ஃபீல்ட் ஹவுஸில் 30 ஆண்டுகளாகப் பருவச் சீட்டு வைத்திருக்கும் என் முன்னாள் வீட்டுக்காரர் இதைக் கேட்டால், ஃபுட்பால் அணி மெய்யாகவே தேறிவிட்டதா என்பதை, அது 5-7 என்று முடிக்கும்போது நான் கோபப்படத் தொடங்கும் நாளில்தான் அறியலாம் என்பார். கொலராடோவை வென்ற அன்று மாலை அவரிடம் தொலைபேசியில் பேசினேன். வாழ்த்துச் சொல்லிவிட்டு, வட கரோலினா ஆட்டத்தில் 92 புள்ளி எடுத்தவர்கள் எதிரணிக்கு 89 கொடுத்தது ஏன் என்று அரை மணி நேரம் அலசினார்.