டாம், ஜெர்ரி, டிக், லாரி – கடிதம்

அன்புள்ள ஐயா,

யூடியூபில் 'டிக் அண்ட் லாரி' என்று ஒரு கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன் பார்த்தேன். ஒரு நெட்டையன், ஒரு குட்டையன். அதே படம் இன்னொரு சேனலில் 'டாம் அண்ட் ஜெர்ரி' என்ற தலைப்போடு இருக்கிறது. பூனையும் இல்லை, எலியும் இல்லை. முகப்பில் வரும் கம்பெனி முத்திரையும் வேறு. எது போலி? அதே ஸ்டுடியோவின் வண்ணப் படம் ஒன்றில் மஞ்சளே காணோம். பிரதி மங்கிவிட்டதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டும் ஒரே படம்தான். அசல் பெயர் டாம் அண்ட் ஜெர்ரி. நியூயார்க்கின் வான் ப்யூரன் ஸ்டுடியோ 1931இல் இந்த ஜோடியைக் கொண்டுவந்தது. 1933க்குள் 26 படங்கள், அதோடு சரி. எம்.ஜி.எம். என்ற ஹாலிவுட் ஸ்டுடியோவின் பூனையும் எலியும் வந்தது 1940இல். அவற்றை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜோசப் பார்பெரா முன்பு வான் ப்யூரனில் வேலை பார்த்தவர். அதனால் பெயரை அவர்தான் தூக்கிக்கொண்டு போனார் என்று சொல்வார்கள். ஆனால் எம்.ஜி.எம். தன் ஊழியர்களிடையே பெயர்ப் போட்டி வைத்தது, ஜான் கார் என்ற அனிமேட்டர் எழுதிப் போட்ட பெயர் ஜெயித்தது. முதல் படத்தில் பூனைக்கு ஜாஸ்பர் என்றுதான் பெயர்.

வான் ப்யூரனின் ஆயுள் 1928 முதல் 1936 வரைதான். டிஸ்னியைத் துரத்தியே காலம் போனது. மிக்கி, மின்னி சாயலில் எலிகளை வரைந்து 1931இல் வழக்கு வாங்கினார்கள். 'மூன்று பன்றிக்குட்டிகள்' எடுத்த பர்ட் ஜில்லெட்டையே 1934இல் டிஸ்னியிடமிருந்து அழைத்து வந்தார்கள். அதன்பின் படங்களின் கோடு அழகாகியது, ஆனால் பழைய படங்களின் கிறுக்குத்தனம் போய்விட்டது என்பேன். கடைசியில் விநியோகஸ்தரான ஆர்.கே.ஓ., டிஸ்னியோடே ஒப்பந்தம் போட்டுக்கொண்டு இவர்களைக் கைவிட்டது.

பிறகு அஃபீஷியல் பிலிம்ஸ் என்ற கம்பெனி படங்களை வாங்கி, வீட்டில் புரொஜெக்டர் வைத்திருந்தவர்களுக்கு 16 மி.மீ., 8 மி.மீ. பிரதிகளாக விற்றது. அதற்குள் பூனையும் எலியும் ஊரறிந்துவிட்டதால் டாம் டிக் ஆனான், ஜெர்ரி லாரி ஆனான். அதே ஸ்டுடியோவின் கப்பி என்ற கரடி பிரௌனி ஆனது. பழைய தலைப்பு அட்டையோடு ஸ்டுடியோவின் பெயரும் ஆர்.கே.ஓ.வின் பெயரும் வெட்டுப்பட்டுப் போயின. எனவே டிக் அண்ட் லாரியைப் போலி என்று தள்ளாதீர்கள். அது மறுவெளியீட்டுப் பிரதி.

சந்தேகப்பட வேண்டியது இணையத்தில் வரும் பளிச்சென்ற 'அசல்' தலைப்புகளைத்தான். பிலிமிலிருந்து எடுத்த அட்டையில் எழுத்து மயிரிழை அளவு ஆடும், பின்னணியில் துகள்கள் கொதிப்பதுபோல் அசையும். கம்ப்யூட்டரில் செய்து ஒட்டியது கல்போல் நிற்கும். கார்ட்டூன் தொடங்கிய நொடியில்தான் ஆட்டமும் தொடங்கும்.

பிலிமிலேயே ஒட்டியிருந்தால் காது கண்டுபிடித்துவிடும். 16 மி.மீ.யில் ஒரு காட்சிக்குரிய ஒலி அந்தக் காட்சிக்கு 26 பிரேம் முன்னால் பதிவாகியிருக்கும். ஏனென்றால் புரொஜெக்டரில் ஒலி படிக்கும் இடம் லென்ஸைத் தாண்டி அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. வேறொரு பிரதியிலிருந்து தலைப்பை வெட்டி இதில் ஒட்டினால், படம் மாறிய பிறகும் பழைய துண்டின் இசை ஒரு வினாடிக்குச் சற்று அதிகமாக ஓடி, சட்டென்று தாளம் தப்பும். நீளமும் உதவும். 16 மி.மீ. ஒலிப்படம் நிமிடத்துக்கு 36 அடி ஓடும், ஆகவே 7 நிமிடப் படம் சுமார் 252 அடி இருக்க வேண்டும். 230 அடிதான் என்றால் அரை நிமிடத்துக்கு மேல் எங்கோ போயிருக்கிறது. பிலிம் தயாரான ஆண்டைக் காட்ட அதன் ஓரத்தில் கோடாக் கம்பெனி இட்ட குறியை மட்டும் நம்பிவிடாதீர்கள். 16 மி.மீ.யில் அந்தக் குறிகள் 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும், நெகட்டிவின் குறியும் பிரதியில் நகலாகி விழும்.

இனி மஞ்சள். பிரதி மங்கவில்லை. டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறையின் மூவண்ண வடிவத்தைக் கார்ட்டூனுக்குப் பயன்படுத்தும் தனியுரிமை 1935 வரை டிஸ்னியிடம் இருந்தது. அதனால் வான் ப்யூரன் 1934இல் தொடங்கிய 'ரெயின்போ பரேட்' வரிசையின் ஆரம்பப் படங்கள் இருவண்ண முறையில் வந்தவை. பெயரில் வானவில், கையில் செம்மஞ்சளும் நீலப்பச்சையும்! அந்த இரண்டை எப்படிக் கலந்தாலும் சுத்தமான மஞ்சளோ ஊதாவோ வராது. 1936இல் வந்த ஃபெலிக்ஸ் பூனை படங்கள் மூன்றும் மூவண்ணம். அவற்றில் ஒன்றை ஓடவிட்டு உங்கள் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மங்கிய பிரதி வேறு மாதிரி இருக்கும். ஈஸ்ட்மன்கலர் என்ற பிற்கால வண்ணப் பிலிமில் எடுத்த பிரதியில் நீலமும் பச்சையும் கரைந்து, முழுப்படமும் ரோஸ் நிறமாகிவிடும்.